‘குட்பை’க்கு ஒத்த சொல்

முதல் வரி ‘லைஃப்’ என்று முடிந்துவிட்டது. இரண்டாவது வரிக்காகத் தலைமை எழுத்தர் காலையிலிருந்து தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

மூன்று மணிக்கு மேலாளருக்கு வழியனுப்பு விழா. போகிறவருக்கு ஆங்கிலத்தில் நாலு வரி, கடைசிச் சத்தம் ஒத்துப்போகிற மாதிரி எழுதி, பித்தளைத் தகட்டில் பொறித்துக் கொடுப்பது அந்த அலுவலகத்து வழக்கம்.

ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கும்போதே மேலாளர் ராஜினாமா எழுதிவிட்டார். விழா முடிந்ததும் தலைமையகத்துக்கு அனுப்புவதாகச் சொன்னார். காரணம் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. கேட்டு, மனம் மாறிவிட்டால்? தலைமை எழுத்தர் பதினோரு வருடமாகக் கண் வைத்திருந்த நாற்காலி அது. அதற்கு இவரைச் சிபாரிசு செய்யும் கடிதத்தில் மேலாளர் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

“‘ஒய்ஃப்’னு முடிச்சிடுங்க சார்,” என்றாள் தட்டச்சர்.

“அவருக்குக் கல்யாணமே ஆகலையேம்மா!”

“அப்ப ‘நைஃப்’?”

“கத்தியா? இது வழியனுப்பு விழாம்மா, கொலைக் கேஸ் இல்ல.”

தொலைபேசி அலறியது. தகடு பொறிப்பவர். “முதல் வரி வெட்டியாச்சு சார். மெஷின் சும்மா நிக்குது.”

“‘நோ சைல்ட், நோ ஒய்ஃப்’னு வெட்டுங்க!”

ரிசீவரை வைத்த பிறகுதான் உறைத்தது. “ஐயையோ! புள்ளை இல்ல, பொண்டாட்டி இல்லன்னு பித்தளையில அடிச்சு அவர் கையிலயே குடுக்கப்போறோமே! கையெழுத்துப் போடுவாரா?”

“அடுத்த ரெண்டு வரியில சமாளிச்சிடலாம் சார். மூணாவதுக்கு ‘குட்பை’.”

“நாலாவதுக்கு?”

“‘டை’.”

“செத்துப் போங்கன்னா?”

“சரி, ‘க்ரை’! நாங்க எல்லாரும் அழுவோம்னு.”

அதுவே தகட்டில் ஏறியது.

இரண்டு மணிக்குத் தகடு வந்தது. கிடங்குக்காரர் படித்துப் பார்த்தார். “அழணுமா? அவர் போறார்னு ஒரு வாரமா எனக்குச் சிரிப்பே அடங்கலைங்க.”

“அழுவோம்னு எழுதிட்டுச் சிரிச்சா, கிண்டல் பண்றோம்னு நினைப்பாரு. என் நாற்காலி போச்சு. அழுங்க ஐயா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!”

கிடங்கில் ஒத்திகை நடந்தது. அலுவலகத்துப் பதினாறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

தட்டச்சர் கைப்பையிலிருந்து தலைவலித் தைல டப்பாவை எடுத்தாள். “கண்ணுக்குக் கீழ லேசா.”

டப்பா கைமாறக் கைமாற அந்த ‘லேசா’ எங்கேயோ விழுந்துவிட்டது. கிடங்குக்காரர் வழித்தே பூசிக்கொண்டார்.

விழாவில் தலைமை எழுத்தர் நாலாவது வரியை முடிப்பதற்குள் கூடமே ஓலமிட்டது. கண் திறக்க முடியாத கிடங்குக்காரர் முதலில் பீரோவைக் கட்டிக்கொண்டு கதறினார். யாரோ தள்ளிவிட, மேலாளரைக் கட்டிக்கொண்டார். “போகாதீங்க சார்! எரியுது சார்!”

மேலாளரின் உதடு துடித்தது. தகட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

பத்து நிமிடம் கழித்து, டீ கொடுக்கப் போன அக்கா காலித் தட்டோடு வெளியே வந்தாள்.

“அக்கா, உள்ள என்ன பண்றாரு? கையெழுத்துப் போடற மூடுல இருக்காரா?” என்றார் தலைமை எழுத்தர், கண்ணைக் கசக்கியபடி.

“‘இங்க ஒருத்தருக்கும் என்னைப் பிடிக்கல’ன்னு எழுதின ராஜினாமாவைச் சுக்குநூறாக் கிழிச்சுப் போட்டுட்டு, தகட்டை மாட்ட ஆணி கேக்கறாரு சார்.”