தோலுக்குள் ஒரு சாம்பிள் சார்

எங்கள் இரும்புலியூர் குடியிருப்புக்குள் நுழைந்த எந்தப் பொருளும் சாம்பிள் சாரிடம் ஒரு துண்டைப் பறிகொடுக்காமல் வெளியே போனதில்லை. தாரும் தப்பவில்லை, தண்ணீரும் தப்பவில்லை. அவருடைய உண்மைப் பெயர் அவர் வீட்டு கேட்டில் எழுதியிருந்தது. அதைப் படித்தவர் கூரியர்காரர் ஒருவர்தான்.

கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவர். யாராவது சாலையைத் தோண்டி மூடாமல் போனால், நான் மனு எழுதி, நகல் எடுத்து, ஒப்புகை வாங்குவேன். அரசு அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்தவனுக்கு வேறு மார்க்கம் தெரியாது. சாம்பிள் சாரோ பெயர்ந்த தார்க்கட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு நேரே குடியிருப்போர் சங்க அலுவலகம் போவார். தலைவரின் வடைத் தட்டுக்குப் பக்கத்தில் அதை வைப்பார்.

"என்ன சார் இது, சாப்பிடற இடத்துல?"

"நம்ம ரோடு சார். நல்லா பார்த்துக்குங்க."

அவ்வளவுதான். சண்டை போட மாட்டார். காட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். கத்துவதும் போன் போடுவதும் மற்றவர்கள் பொறுப்பு. வெட்கத்தோடு சொல்கிறேன், என் மனுக்களுக்குப் பதில் வருவதற்குள் அவருடைய தார்க்கட்டிக்கு ரோடு ரோலரே வந்துவிடும்.

அவரிடம் மாட்டியவர்களில் என் மைத்துனன் சேகரும் உண்டு. கூடுவாஞ்சேரியில் மனை விற்கிறான். பழைய வீடு ஒன்றை இடித்த கழிவை, அக்கா வீட்டுப் பக்கம்தானே என்ற உரிமையில், எங்கள் தெருக் காலிமனையில் லாரியில் கொண்டுவந்து கொட்டிவிட்டான். சாம்பிள் சார் அரைச் செங்கல் ஒன்றை எடுத்துப் போய்ச் சங்கக் கூட்டத்தில் கைக்குக் கை சுற்ற விட்டார். அன்று மாலைக்குள் மொத்தக் குடியிருப்பும் என் வாசலில் நின்றது. சேகர் வேறு லாரி பிடித்து, கொட்டியதோடு கொஞ்சம் எங்கள் மண்ணையும் சேர்த்து வாரிக்கொண்டு போனான்.

"இனிமே அந்த ஆளு மூஞ்சில முழிக்க மாட்டேன் மாமா."

ஆனால் முழிக்க வேண்டி வந்தது. அடுத்த முறை வந்தபோது எங்கள் தெருநாய் அவன் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. அவன் போட்ட சத்தத்தில் முதலில் ஓடி வந்தவர் சாம்பிள் சார். கையில் சோப்பு. குழாயடியில் உட்கார வைத்து, "விடு சார், போதும் சார்" என்று அவன் கெஞ்சக் கெஞ்சக் கழுவினார். பிறகு ஆட்டோவில் ஏற்றி அரசு ஆஸ்பத்திரிக்கு நாங்கள் இருவரும் கூட்டிப்போனோம்.

அங்கே காயத்தைச் சுற்றி ஒரு மருந்தை ஏற்றினார்கள். உயிர் போகிற வலி. அதனால் அதன்மேல் சேகருக்கு மரியாதை. அடுத்து தடுப்பூசி. இரண்டு தோளிலும் தோலுக்குள் ஒரு சொட்டு. கொசு கடித்த மாதிரி இரண்டு கொப்புளம் எழும்பியது, முடிந்தது.

"இவ்ளோதானா? சர்க்கார் ஆஸ்பத்திரினு மருந்தையே மிச்சம் புடிக்கிறாங்க மாமா" என்றவன், அடுத்த தவணைக்கு வரவில்லை. போன் செய்தால், "நான் வெளில பார்த்துக்குறேன். இடுப்புல ஃபுல் ஊசியா போடச் சொல்லப் போறேன்" என்றான். வெளியிலும் போகவில்லை. என் மனைவி சாப்பாட்டில் கை வைக்கவில்லை. வெறிநாய்க்கடி நோய் வெளியே தெரிந்துவிட்டால் அதன்பிறகு டாக்டர் கையைப் பிசைய வேண்டியதுதான்.

சாம்பிள் சாரிடம் சொன்னேன். முழங்கால் வலிக்காரர், மாடிப்படி என்றாலே முகம் சுளிப்பவர், உடனே சட்டையை மாட்டிக்கொண்டார். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி கூடுவாஞ்சேரியில் இறங்கி, சேகரின் ஆபீசுக்குள் நுழைந்தோம்.

"இன்னா சார், இங்கயும் செங்கல் எடுக்க வந்தீங்களா?"

சாம்பிள் சார் கேட்காமலே உட்கார்ந்தார். "தடுப்பூசில இருக்கிறது செத்த கிருமி, சேகர். அதை யாராவது எடுத்துப்போய் உடம்புக்குக் காட்டணும். தோல்ல அதுக்குன்னே செல் இருக்கு, நெருக்கமா. ஒரு துண்டைக் கவ்விக்கிட்டு அக்குள் வரைக்கும் போகும். நெறி கட்டுதுன்னு சொல்றோமே, அந்த இடம். சண்டை போடற செல்லெல்லாம் அங்கதான் சும்மா உட்கார்ந்திருக்கும். அதுங்க மூஞ்சிக்கு நேரா துண்டை நீட்டும். அப்புறம்தான் உடம்பு எழுந்திருக்கும். அதனாலதான் தோல்ல ஒரு சொட்டு போதும்."

"அப்போ இடுப்புல?"

"அங்க கொழுப்பு. நீ விக்கிற மனை மாதிரி, ஆள் நடமாட்டமே கிடையாது. மருந்து போய்ப் படுத்துக்கும்."

சேகர் முறைத்தான். சார் விடவில்லை. "குடல்லயும் இந்த செல் இருக்கு. ஆனா அங்க பொறுமைசாலி. உங்க அக்கா சாம்பாருக்கெல்லாம் கூட்டம் கூட்டினா நீ சாப்பிட்ட மாதிரிதான். நுரையீரல்லயும் அப்படித்தான். ஜி.எஸ்.டி. ரோடு தூசி ஒவ்வொண்ணுக்கும் சண்டைன்னா எப்படி மூச்சு விடுவே? தோல்ல இருக்கிறவன் அப்படியில்ல. ஊசி குத்தினதுமே கிளம்பிடுவான்."

சேகர் தன் தோளைத் தடவிப் பார்த்தான். "அப்போ, என் தோலுக்குள்ள உங்கள மாதிரி ஆளுங்க கீறாங்கன்றீங்க?"

"ஆயிரக்கணக்குல."

"ஐயோ" என்றான் சேகர், மனப்பூர்வமாக. "ஒரே ஆளு வந்ததுக்கே நான் லாரி வெச்சி மண்ண வாரினேன். அந்தக் கிருமி பாவம் சார்."

"ஆனா ஒரு தடவை காட்டினா மறந்துடும். திரும்பத் திரும்பக் காட்டணும். அதான் தவணை."

சேகர் எழுந்து செருப்பை மாட்டினான். தாமதமானாலும் பரவாயில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அதன்பிறகு ஒவ்வொரு தவணைக்கும் சாம்பிள் சார் அவனுக்கு முன்னால் போய் ஊசி அறை வாசலில் நின்றார். கொப்புளம் எழும்பாவிட்டால் திரும்பப் போடச் சொல்லி சிஸ்டரிடம் வாதாடுவார். அவர்களும் அவரைச் சகித்துக்கொண்டார்கள்.

கடைசித் தவணையன்று நானும் போயிருந்தேன். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி, சேகரின் இரண்டு தோளையும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். சிஸ்டருக்குப் பொறுமை போய்விட்டது.

"பெரியவரே, தள்ளி நில்லுங்க. யாருப்பா இவரு, உங்க அப்பாவா?"

"ஆமா சிஸ்டர்" என்றான் சேகர்.

உறவுமுறையைத் தவறாகச் சொல்லக் கூடாது என்பது விதி. நான் வாயைத் திறக்கவில்லை. சாம்பிள் சார் ஜன்னல் பக்கம் திரும்பி, துடைத்த கண்ணாடியை மறுபடி கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.