பொன்னாடை போர்த்திய புழுக்கள்

புதுக்கோட்டை,
ஞாயிற்றுக்கிழமை காலை.

வல்லத்திராக்கோட்டையில் ஏரும் எருவும் மாடும் மனையுமாய்ச் சீரோடு வாழும் என் இல்லாளின் தமையனார், பெருமதிப்பிற்குரிய மைத்துனர் ரெங்கசாமி அவர்களின் திருமுன், மேடைப் பேச்சையே வாழ்வாகக் கொண்ட திருமுருகன் இரு கை கூப்பி எழுதும் மடல்.

தாங்களும் தங்கள் துணைவியாரும், அண்மையில் ஈன்ற கறவையும் அதன் கன்றும் நலமென நம்புகிறேன். நான் நலம். நலம் என்று எழுதுவது மரபு. மரபை மீறும் துணிவு இப்போது என்னிடம் இல்லை.

கைப்பேசி இருக்க மடல் எதற்கு என்று தாங்கள் வினவலாம். கைப்பேசியில் தங்களை அழைக்கத்தான் செய்தேன். "சொல்லுங்க மாப்ள" என்றீர்கள். சொன்னேன். முன்னுரையை முடித்து முதற்பகுதிக்குள் நான் நுழைந்த வேளையில் மறுமுனையில் மாடு ஒன்று நீண்ட மூச்சு விட்டது. கைப்பேசியைத் தொழுவத்துச் சுவரின்மேல் வைத்துவிட்டுத் தாங்கள் தவிடு கலக்கப் போய்விட்டீர்கள் என்பது பிறகுதான் புலப்பட்டது. தங்கள்மேல் வருத்தமில்லை. அந்த மாடு இடைமறிக்காமல் கேட்டது. இத்தகைய அவை எனக்கு அரிதாகவே வாய்த்திருக்கிறது. ஆயினும் என் வேண்டுகோளை நிறைவேற்றும் ஆற்றல் அதற்கு இல்லை என்பதால் இம்மடல்.

வேண்டுகோள் இதுதான். தங்கள் எருக்குவியலின் அடியில் நெளியும் செம்புழுக்களில் ஒரு சட்டி எனக்கு வேண்டும். அவை உயிரோடு வந்து, என் வீட்டுப் பீப்பாயில் குடியேறி, அங்கே கிடக்கும் அடுக்களைக் கழிவை உண்டு உரமாக்கத் தொடங்கினால்தான் தங்கள் தங்கை சொர்ணவல்லி இவ்வீட்டு வாசலை மிதிப்பாள். கன்றுக்குட்டியைப் பார்க்க வந்ததாகத் தங்களிடம் அவள் சொல்லியிருக்கக் கூடும். அவள் பெருந்தன்மை அத்தகையது. உண்மை வேறு.

எங்கள் நகர்ப் பொதுநலச் சங்கத்தார் சென்ற மாதக் கூட்டத்தில் குப்பையைப் பற்றிச் சில மணித்துளிகள் பேசுமாறு என்னைக் கேட்டுக்கொண்டார்கள். 'சில' என்பதற்கு அவர்கள் எல்லை வகுக்கவில்லை. அது அவர்கள் பிழை. நிலம் தாய் என்று தொடங்கினேன், தாயின் மடியில் குப்பை கொட்டும் மக்கள் நாமன்றோ என்று வினவினேன், கைத்தட்டல் எழுந்தது. கைத்தட்டல் எழும் இடத்தில் நிறுத்தத் தெரிந்தவன் கணக்கராகப் போயிருப்பான், பேச்சாளனாக வந்திருக்க மாட்டான். "வெண்டைக்காயின் காம்பும் வாழைப்பழத்தின் தோலும் இன்று முதல் என் வாசற்படியைத் தாண்டா" என்று சூளுரைத்துவிட்டேன். மறுநாள் குப்பை வண்டியோடு வந்த வனிதாவை வெறுங்கையோடு திருப்பி அனுப்பினேன். நீல நெகிழிப் பீப்பாய் ஒன்றை வாங்கிப் பக்கங்களில் துளையிட்டுக் கொல்லைக் கதவருகே நிறுத்தினேன். உள்ளே வாழவேண்டிய புழுக்களின் பெருமையை உரையில் விரிவாகவே சொல்லியிருந்தேன். அவற்றை எங்கே போய்ப் பெறுவது என்பதை மட்டும் எண்ணிப் பார்த்திருக்கவில்லை.

புழு வரும் முன்னரே குப்பை வந்துவிட்டது. என் பேச்சில் நெகிழ்ந்த அன்பர் ஒருவர் வடகாட்டுப் பலா ஒன்றை முழுதாகக் கொடுத்தார். சுளை எங்களுக்கும் சக்கை பீப்பாய்க்கும் போயின. சொர்ணவல்லியோ என் சூளுரையை எழுத்துப் பிசகாமல் காக்க முனைந்தாள். மீன் வாங்கினாள். செதிலையும் குடலையும் நேரே பீப்பாய்க்குள் போட்டாள். மீன் கழிவு அதற்கு ஆகாதே என்று மெல்லச் சொன்னேன். "ஒண்ணும் வாசலைத் தாண்டாதுன்னு மைக்குலதானே சொன்னீங்க? மீனு மட்டும் தாண்டலாமா?" என்று கேட்டாள். நாற்பது பட்டிமன்றங்களில் என் எதிரணியில் அமர்ந்தவர்கள் இப்படி ஒரு வினாவை என்மேல் எறிந்ததில்லை.

அதன்பின் எழுந்த வாடையை விவரிக்கச் சொல் இல்லை. சொல்லில்லை என்று நான் எழுதுவதன் பொருளைத் தாங்கள் உணர்வீர்கள். அடுக்களை, கூடம், துவைத்துக் காயவைத்த வேட்டி எங்கும் அது பரவியது. பண்டைத் தமிழில் நாற்றம் என்றால் நறுமணம் என்றே பொருள் என்று சொர்ணவல்லிக்கு ஆறுதலாக எடுத்துரைத்தேன். சான்றுகளும் தந்தேன். அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டே, "அப்ப அந்தப் பண்டைத் தமிழரையே கூட்டியாந்து இங்கிட்டு ஒக்கார வைங்க" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்தாள். வாசலில் திரும்பிப் பார்த்து, "புழு வந்து வேலை பாக்க ஆரம்பிச்சதும் சொல்லுங்க, வாரேன்" என்றாள். பேருந்து ஏறிவிட்டாள்.

இனி நான் செய்த முயற்சிகளைக் கேளுங்கள். அடுத்த வீட்டுக் கண்ணன் விடுமுறை நாள்களில் தூண்டிலோடு கண்மாய்க்குப் போகிறவர். தூண்டிலில் கோக்க அவர் தோண்டி வைத்திருந்த மண்புழுக்களைக் கேட்டேன். மனமுவந்து ஒரு டப்பா நிறையக் கொடுத்தார். ஒவ்வொன்றும் விரல் நீளம். அவற்றைப் பீப்பாயில் விட்டு, உழவின் தோழர்களே வருக என்று இரண்டு சொல் சொல்லி மூடினேன். விடிந்து பார்த்தால் உள்ளே ஒன்றும் இல்லை. நான் காற்றுக்கென இட்ட துளைகளின் வழியாகவே வெளியேறியிருந்தன. சில கொல்லைச் சுவரில் ஏறிக்கொண்டிருந்தன. சில கண்ணன் வீட்டுக் கோலத்தின் மேல் நெளிந்து, அவர் துணைவியார் இட்ட கோடுகளையெல்லாம் தம் விருப்பப்படி திருத்தியிருந்தன. மற்றவற்றை மைனாக்கள் பார்த்துக்கொண்டன. கண்ணனிடம் போய் முறையிட்டேன். "கம்மாக்கரையில ஆழத்துல கெடக்குற புழுங்கய்யா அது. மண்ணுதான் அதுக்குத் தீனி. ஒங்க பலாச்சக்கையை அது என்ன பண்ணும்? குப்பை திங்கிற புழு வேற" என்றார். இதை நேற்றே சொல்லியிருக்கக் கூடாதா என்றேன். "நேத்து என்னை எங்கய்யா பேச விட்டீங்க" என்றார்.

குப்பை தின்னும் புழு கந்தர்வக்கோட்டைப் பக்கம் முந்திரித் தோப்பு ஒன்றில் கிடைக்கும் என்று அவரே வழியும் சொன்னார். போனேன். ஓலைக் கொட்டகைக்குள் தொட்டி தொட்டியாக மண்புழு உரம் தயாரித்து விற்கும் செவந்தி என்னும் அம்மையார், சாணத்தோடு சேர்த்து அள்ளி ஈரச் சாக்கில் கட்டிக் கொடுத்தார். "நெழல்லயே வைங்க. ஈரம் காய விடாதீங்க. போனதும் தொட்டியில விட்ருங்க" என்றார். அவ்வளவே அவர் பேசியது. திரும்பும் வழியில் நடத்துநர் சாக்கைக் காட்டி என்ன என்று கேட்டார். மண்ணின் மைந்தர்கள் என்றேன். "மைந்தருக்கெல்லாம் லக்கேஜ் போட்ரவா?" என்றார். பேருந்தே சிரித்தது. நானும் சிரித்தேன். சொர்ணவல்லி ஊருக்குப் போனபின் நான் சிரித்தது அன்றுதான்.

அன்றே, அந்தக் கணமே அவற்றைப் பீப்பாயில் விட்டிருந்தால் இம்மடலுக்கு வேலையில்லை. தெரு முனையில் சங்கத் தலைவர் ஆத்மநாதன் என்னை மறித்தார். ஒரு நல்ல செயலை இப்படிச் சந்தடியில்லாமல் தொடங்கலாமா, நம் நகரின் முதல் மண்புழுத் தொட்டிக்கு ஒரு திறப்பு விழா வேண்டாமா என்றார். மைத்துனரே, 'விழா' என்ற சொல் என்னுள் என்ன செய்யும் என்பதைத் தங்கள் தங்கையைக் கேளுங்கள். மறுநாள் முற்பகலில் பந்தல் எழுந்தது. நாற்காலிகளுக்கு நிழல் இருந்தது. எனக்கு நிழல் இருந்தது. பந்தலுக்கு முன்னே, எல்லோரும் காணும்படி ஒரு மேசையை இட்டு அதன்மேல் சாக்கை வைத்தார்கள். அங்கே வெயில் இருந்தது. மேடைக்கு வந்த எவரையும் வெறுந்தோளோடு அனுப்புவது எங்கள் வழக்கமன்று. வந்திருப்பவர் தோளில்லாதவர் என்பதற்காக மரபை விட முடியுமா? ஆகவே பளபளக்கும் பொன்னாடை ஒன்றை நானே விரித்து அந்தச் சாக்கின்மேல் போர்த்தினேன். பாலியஸ்டர். தமிழ் நிலத்தில் புழுவுக்குப் பொன்னாடை போர்த்தியவர் எனக்கு முன் யாருமில்லை என்று ஆத்மநாதன் அறிவித்தபோது என் கண்கள் கலங்கின.

பின் பேசினேன். எதைப் பற்றிப் பேசினேன் என்பதுதான் என் நெஞ்சை அறுக்கிறது. புழுவுக்கு நிழல் வேண்டும் என்பதைப் பற்றிப் பேசினேன். ஈரம் காயலாகாது என்பதைப் பற்றிப் பேசினேன். செவந்தி அம்மையார் ஒரே மூச்சில் சொன்ன மூன்று செய்திகளை ஒவ்வொன்றாக எடுத்து, உவமையும் ஒப்புமையும் சேர்த்து, உச்சி வெயில் ஏறும் வரை விரித்துரைத்தேன். முன்வரிசையில் கண்ணன் எழுந்து நின்று மேசையைக் காட்டிக் காட்டிக் கையை ஆட்டினார். உணர்ச்சிவயப்பட்டுவிட்டார் என்று கருதி, அந்தப் பகுதியை அவருக்காக மீண்டும் ஒருமுறை சொன்னேன்.

முடிவில் பொன்னாடையை நீக்கிச் சாக்கை அவிழ்த்தோம். சாணம் வறட்டியாகியிருந்தது. கந்தர்வக்கோட்டையிலிருந்து பள்ளமும் மேடுமான வழியெல்லாம் உயிரோடு வந்தவை என் உரையைக் கடந்து வரவில்லை. கொய்யா மரத்தடியில் குழி வெட்டினோம். நான் தொண்டையைச் செருமினேன். ஆத்மநாதன் என் கையை இறுகப் பற்றி, "ஐயா, ரெண்டு நிமிசம் மவுனம் போதுங்க" என்றார்.

செவந்தி அம்மையாரிடம் மீண்டும் போக எனக்கு முகமில்லை. புழு என்ன ஆயிற்று என்று அவர் கேட்பார். பொன்னாடை போர்த்தினோம் என்று எந்த வாயால் சொல்வேன்? ஆகவேதான் தங்களிடம் வருகிறேன். எரு நன்றாக மக்கிய இடத்தில், சாணத்தோடே அள்ளி, மண்சட்டியில் இட்டு, நனைத்த சாக்கால் மூடி, காலைப் பேருந்தில் வரும் யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். இம்முறை விழா இல்லை. வரவேற்புரை இல்லை. நன்றியுரையும் இல்லை. மீன் செதிலை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துத் தென்னை மரத்தடியில் ஆழப் புதைத்துவிட்டேன். காய்ந்த இலைகளையும் தென்னை நாரையும் அடியில் பரப்பியிருக்கிறேன்.

சொர்ணவல்லியிடம் இங்கே எல்லாம் செவ்வனே நடப்பதாகச் சொல்லுங்கள். நானே சமைக்கிறேன். சமைப்பதில் பெரும்பகுதி பீப்பாய்க்குப் போவதால் அது நிறைவதில் குறையில்லை. வாடை குறைந்துவிட்டது என்றும் சொல்லுங்கள். குறைந்தது வாடையா, என் மூக்கா என்பதை அவளிடம் பிரித்துச் சொல்ல வேண்டாம். அவசரமில்லை, கன்று நன்றாகத் துள்ளும் வரை இருந்து பார்த்துவிட்டே வரட்டும் என்று நான் பெருந்தன்மையோடு கூறியதாகவும் சொல்லுங்கள்.

தங்கள் கிணற்றில் நீரும், தொழுவத்தில் பாலும், எருக்குவியலில் புழுவும் என்றென்றும் குறையாதிருக்க வாழ்த்தும்,
தங்கள் மைத்துனன்,
திருமுருகன்

பின்குறிப்பு: எழுதியதை அடுக்களை வாசலில் நின்று உரக்கப் படித்துப் பார்ப்பது என் வழக்கம். இம்மடலையும் அவ்வாறே படித்தேன். நான் எதைப் படித்தாலும் சொர்ணவல்லி குழம்பைக் கிண்டிக்கொண்டே உரிய இடங்களில் 'உம்' கொட்டுவாள். அவள் கேட்கிறாளா என்று இத்தனை ஆண்டுகளில் நான் ஐயுற்றதில்லை. நான் அவளுக்கு ஒருமுறையேனும் 'உம்' கொட்டியிருக்கிறேனா என்றும் எண்ணியதில்லை. இன்று முதற்பக்கம் முடிந்தது. இரண்டாம் பக்கம் முடிந்தது. ஓர் 'உம்' கூட இல்லை. மீதியைப் படிக்க முடியவில்லை.

அப்போது வாசலில் வண்டி மணி ஒலித்தது. பீப்பாயை உருட்டிக்கொண்டு போய் வனிதாவின் வண்டியில் கவிழ்த்தேன். தெருவே நின்று பார்த்தது. "என்னங்கய்யா, ஒண்ணும் வாசலைத் தாண்டாதுன்னீங்க?" என்றாள். ஆமாம்மா, தாண்டிருச்சு என்றேன். பீப்பாயைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

ஆகவே மைத்துனரே, மேலே எழுதியவற்றையெல்லாம் கிழித்துத் தொழுவத்தில் போட்டுவிட்டு, இந்தப் பின்குறிப்பை மட்டும் அவள் கையில் கொடுங்கள். புழு அனுப்ப வேண்டாம். அனுப்பத்தான் வேண்டும் என்றால் அவளிடமே கொடுங்கள். அவற்றை எங்கே விடுவது, விடுவதா வேண்டாமா என்பதை அவளே முடிவு செய்யட்டும். எந்தப் பேருந்தில் வருகிறாள் என்று மட்டும் தெரிந்தால் போதும். நிலையத்தில் நிற்பேன். பையை வாங்கிக்கொள்வேன். வீடு வரும் வரை அவள் பேசட்டும். நான் 'உம்' கொட்டிக்கொண்டு வருகிறேன்.