ஒரு சுவர், இரண்டு டப்பா

பன்னிரண்டு வருஷமாக மனைவி கண் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போய் வருகிறாள். அங்கே என்ன வேலை என்று ஒரு நாளாவது கேட்டிருந்தால், மின்விசிறிக் கடை மேனேஜர் அந்த ஞாயிற்றுக்கிழமை அப்படி மாட்டிக்கொண்டிருக்க மாட்டார். ஏதோ சீட்டு எழுதிக் கொடுக்கிறாள் என்று நினைத்திருந்தார். மகா கெட்டிக்காரர்!

அன்றைக்குப் பதினோரு மணிக்கு பேட்மிண்டன் இறுதிப் போட்டி. அவருக்கு ஜோடி, பக்கத்து வீட்டுப் பல் டாக்டர். மனைவியோ எட்டு மணிக்கே பெயிண்ட் டப்பாவைக் கூடத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டாள். இன்றைக்குச் சுவரை முடித்தே ஆக வேண்டுமாம். மேனேஜர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சாய்ந்தார்.

“ஐயோ, எல்லாமே ரெண்டு ரெண்டாத் தெரியுதே!”

“நானுமா?”

“நீயும்தான்.”

“பாவம், ஒண்ணையே உங்களால சமாளிக்க முடியாது.” அவருடைய வலது கண்ணைப் பொத்தினாள். “இப்ப எத்தனை டப்பா?”

“ரெண்டு.”

இடது கண்ணைப் பொத்தினாள். “இப்ப?”

“ரெண்டேதான்.”

இரண்டையும் சேர்த்துப் பொத்தினாள். “இப்ப?”

“ரெண்டு!” வாய் முந்திக்கொண்டது.

“கேஸ் ரொம்ப முத்திப்போச்சு” என்றாள் மனைவி, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

“வெளியில காத்தாட நடந்துட்டு வந்தா சரியாயிடும்னு நினைக்கிறேன்...”

“ஆகாது. தினம் இருபது பேருக்கு இதே டெஸ்ட்தான் பண்றேன். ரெண்டு கண்ணும் ஒரே இடத்தைப் பாத்தாத்தான் ஒண்ணாத் தெரியும். ஒத்துப் போகலைன்னா ரெண்டு. ஒரு கண்ணை மூடிட்டா மறுபடி ஒண்ணு.”

உள்ளே போனவள், சற்று நேரம் கழித்துக் கறுப்புக் கண்மறைப்போடு வந்து அவருக்கு மாட்டிவிட்டாள். “இப்ப ஒண்ணுதானே?”

பொய்யை ஒட்டுப்போட இடம் கிடைத்த சந்தோஷம் மேனேஜருக்கு. “அட, ஆமா! ஒண்ணேதான்!”

“ஆனா ஒத்தைக் கண்ணுல எது கிட்ட, எது தூரம்னு சரியாப் பிடிபடாது. பாஞ்சு வர்ற பந்தை எங்க அடிக்கறது?” பிரஷை அவர் கையில் திணித்தாள். “செவுரு எங்கயும் பாயாது. தாராளமா அடிங்க.”

மேனேஜருக்கு அழுகையே வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் மட்டை பிடித்த நாளிலிருந்து இதுதான் முதல் இறுதிப் போட்டி. “டாக்டர் தனியா என்னடி பண்ணுவார்?”

“ஃபோன் பண்ணிட்டேன். உங்களுக்குப் பதிலா நான் ஆடறேன்னேன்.” அவள் குனிந்து ஷூ லேஸை இறுக்கிக் கட்டினாள்.

“அதுக்கு அவர் என்ன சொன்னார்?”

“‘அப்பாடா! அப்ப கப்பு நமக்குத்தான்’னார்.”