பாவசங்கீர்த்தனக் கூண்டில் ஒரு மெத்தை நாற்காலி

அன்புத் தம்பிக்கு, அதாவது வணக்கத்துக்குரிய தந்தை அவர்களுக்கு,

நீ குருப்பட்டம் பெற்றதிலிருந்து இந்த முதல் வரியிலேயே எனக்குக் கை நின்றுவிடுகிறது. சைக்கிளில் முன்னால் உட்காரவைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்ட பையனைத் தந்தை என்று எழுத வேண்டியிருக்கிறது. ஆண்டவர் உனக்கு நல்ல சுகத்தையும், உன் பிரசங்கத்தைக் கேட்கிறவர்களுக்கு நல்ல பொறுமையையும் அருள்வாராக. முதுகைத் தவிர நான் நலம். கடிதம் நீளும் என்று பயமாக இருப்பதால், சொல்ல வேண்டியதை முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. நான் துறவு மடத்தில் சேர விரும்புகிறேன்.
2. இங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை; என்னைத் தேட ஆளும் இல்லை.
3. ஆண்டவர் என்னை இதுவரை அழைக்கவில்லை.
4. ஆகவே, அழைத்துவிட்டார் என்று நீ மடத்துத் தலைவருக்கு இரண்டு வரி எழுத வேண்டும்.

மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் ஏதோ இடிப்பது எனக்கே தெரிகிறது. கோபப்படாமல் மேலே படி.

உன் அண்ணி கண்ணை மூடிய பிறகு வீட்டில் சத்தம் போடுவது குளிர்சாதனப் பெட்டி மட்டும்தான். அதற்காகத்தான் இரண்டு வாரத்துக்கு முன் மடத்துக்குத் தியானத்துக்குப் போனேன். அங்கே மணி அடித்தால் எல்லாரும் எழுந்து போகிறார்கள். எங்கே போவது, எதற்குப் போவது என்று ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. அதைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. என்னையும் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று தலைவரைக் கேட்டேன். அவர் என் வயதைக் கேட்கவில்லை, முதுகைப் பற்றிக் கேட்கவில்லை. "ஆண்டவர் உங்களைக் கூப்பிடுறாரா, இல்ல வீடு காலியா இருக்கா?" என்று மட்டும் கேட்டார். இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது எப்படி என்றேன். தினமும் கோவிலில் நற்கருணைக்கு முன்னால் அமைதியாக உட்காருங்கள், இந்த ஞாயிற்றுக்கிழமை வந்து பதில் சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டார். நான் எடை அளவு ஆய்வாளனாக இருந்து ஓய்வு பெற்றவன் என்பது உனக்குத் தெரியும். எந்தக் கடைத் தராசானாலும் எங்கள் அலுவலகப் படிக்கல்லை வைத்துப் பார்த்து, சரி, தப்பு என்று சொல்லிவிடுவேன். இந்தத் தராசுக்கு எந்தக் கல்லை வைப்பது?

சரி, உட்காருவோம் என்று கோவிலுக்குப் போனால், பெஞ்சுகளையெல்லாம் வார்னிஷ் அடிக்கத் தூக்கிப் போயிருந்தார்கள். பதிலுக்குச் சாய்மானமில்லாத ஸ்டூல்கள். கால் மணி நேரத்தில் ஆண்டவர் போய், முதுகு மட்டும்தான் நினைவில் இருந்தது. கோவிலிலேயே முதுகுக்கு இதமான இடம் ஒன்றுதான், பாவசங்கீர்த்தனக் கூண்டில் சாமியார் பாவங்களைக் கேட்க உட்காரும் மெத்தை நாற்காலி. பாவசங்கீர்த்தனம் சனிக்கிழமைதான், நான் போனது போன வாரம் புதன். யாருக்கு என்ன நஷ்டம் என்று உள்ளே போய்த் திரையை இழுத்துவிட்டு, கண்ணை மூடி, "ஆண்டவரே, பேசும்" என்றேன். அந்த நேரம் பார்த்து இருமல் வந்தது. உடனே பக்கத்துச் சன்னலில் வளையல் குலுங்க யாரோ முழங்கால் போடும் சத்தம். "அம்மா, நான் சாமியார் இல்லம்மா, எடை ஆபீஸ்ல இருந்தவன்" என்று சொல்லிவிட்டேன்.

"தெரியும்ணே, இருமல வச்சே கண்டுபிடிச்சேன்" என்றது தெருமுனைத் தையல்கார அம்மாவின் குரல். "பாவத்த சனிக்கிழமை சாமியார்கிட்ட சொல்லிக்கிறேன். இது பாவமான்னே தெரியல. ஜெபம் பண்ணினா சுவத்துக்கிட்ட பேசுற மாதிரி இருக்கு. ரொம்ப வருசமா. சாமியார்கிட்ட சொன்னா, சின்ன வயசு, மனசு ஒடிஞ்சிடுவாரு."

ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். "எனக்கும் அப்படித்தாம்மா இருக்கு" என்றேன்.

"பூசையில வாசகம் வாசிக்கிற உங்களுக்குமா?" என்று கேட்டுவிட்டு, அந்த அம்மா சிரிக்க ஆரம்பித்தார். சிரித்து முடித்து மூக்கைச் சிந்தினார். போகும்போது மனசு லேசாகிவிட்டது என்றார். எனக்கு என்னவோ கனமாகத்தான் இருந்தது.

அதோடு முடிந்திருக்க வேண்டும். மறுநாள் போனால் எனக்கு முன்பே மூன்று பேர் காத்திருக்கிறார்கள். துணி தைக்க வந்தவர்களிடமெல்லாம் அந்த அம்மா சொல்லியிருக்கிறார்; தையல் மிஷினுக்கு எதிரில் உட்கார்ந்து யார் ரகசியத்தைக் காப்பாற்ற முடியும்? பாடகர் குழுத் தலைவர் இருபது வருடமாக வாய்தான் பாடுகிறது என்றார். ரொட்டிக் கடைக்காரர், மோட்சம் என்று ஒன்று இருக்கிறதா, உறுதியாகச் சொல்லு என்று அரைக்கிலோ கணக்கில் கேட்டார். எல்லாருக்கும் நான் சொன்னது ஒன்றுதான்: எனக்கும் தெரியல. அதைக் கேட்டுவிட்டு எல்லாரும் நன்றி சொல்லிப் போனார்கள், அதுதான் எனக்குப் புரியவில்லை. வரிசையைப் பார்த்துப் பங்குச் சாமியார் பதறி ஓடிவந்து திரையை விலக்கினார்.

"ஐயா, உள்ள என்ன பண்றீங்க?"

"ஆண்டவரோட அழைப்புக்குக் காத்திருக்கேன், சாமி."

"அதுக்கு என் நாற்காலிதான் கெடச்சுதா?"

நான் மன்னிப்புக் கேட்டு, வீட்டுக்கு வந்து, அதன் பிறகு கோவில் பக்கமே போகவில்லை. அவர் மறுநாளே ஆள் அனுப்பினார், பக்கப் பீடத்தருகே சாய்மானமுள்ள பெஞ்சு போட்டிருக்கிறாராம், கூண்டுக்குள் மட்டும் போகாதீர்களாம். வெட்கத்தில் நான் போகவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமை நெருங்குகிறது. குரல் ஒன்றும் கேட்கவில்லை, தம்பி. உனக்குப் பதினைந்து வயதிலேயே கேட்டதே, எப்படி இருந்தது என்று நான் ஒருநாளும் உன்னைக் கேட்டதில்லை. கேட்டால் அழுதுவிடுவேனோ என்று பயம். எனக்கும் ஒரு தடவை, என் பெயரைச் சொல்லி, மெதுவாகவாவது. அது கிடைக்காது என்றால், உன் கையெழுத்தாவது கிடைக்கட்டும். முத்திரை போட்டு அனுப்பு. உன் பூசையில் அண்ணியையும் என்னையும் நினைத்துக்கொள். மூத்தவனாக உனக்கு என் ஆசீர்வாதம். குருவாக உன்னுடையதை எனக்கு அனுப்பு.

உன் அண்ணன்

பி.கு.: உறையை ஒட்டும்போது கதவு தட்டப்பட்டது. தையல்கார அம்மா. வெட்டுத் துணியில் தைத்த சின்னத் தலையணை ஒன்று கையில். "முதுகுக்கு வச்சுக்குங்க. ஏண்ணே வரல? சாமியாரு போட்ட பெஞ்சுகிட்ட காத்திருந்து எல்லாரும் உங்களத்தான் கேக்குறாங்க. சாமியாருகூட ரெண்டு தடவ எட்டிப் பாத்துட்டுப் போனாரு" என்றார். மடத்துக்கு நீ எழுத வேண்டாம். வீடு காலியாகத்தான் இருந்தது என்று ஞாயிற்றுக்கிழமை நானே போய்ச் சொல்லிவிடுகிறேன். முதலில் எழுதிய வரிசையில் மூன்றாவது அப்படியே இருக்கட்டும். இன்னும் கேட்கவில்லை, ஆசையும் குறையவில்லை. இரண்டாவதுதான் தவறு.