கழுதைப் பாட்டுக்குச் சொந்தக்காரர்

பாடத் தெரியாதவர்கள் பாடுவதால் உலகத்துக்கு வருகிற தொல்லை ஒரு வகை. அதைப் பொறுத்துக்கொள்ளலாம், காதைப் பொத்திக்கொள்ள ஆண்டவன் கை கொடுத்திருக்கிறான். ஆனால் பாடத் தெரிந்து, பாட ஆசையும் இருந்து, காலையிலிருந்து அதற்காகவே தொண்டையைச் சரிபண்ணிக்கொண்டு வந்து உட்கார்ந்து, பாடச் சொன்னவுடன் மட்டும் "நானா? பாட்டா?" என்று புதுப்பெண் மாதிரி நெளிகிற ஒரு ரகம் உண்டு பாருங்கள், அதற்கு இன்னும் மருந்து கண்டுபிடிக்கவில்லை. பிகு பண்ணும் பாட்டுக்காரர் என்பது அந்த இனத்தின் பெயர். எல்லா ஊரிலும் ஒன்றிரண்டு திரியும். ஆனால் முழு வளர்ச்சி அடைந்த ஒன்றைப் பார்க்க வேண்டுமானால், அயர்லாந்தின் மேற்குக் கரையில் நான் பாதி ஆயுளாகக் குப்பை கொட்டுகிற கில்டாரனுக்குத்தான் வர வேண்டும். அட்ராக்டா ஹெஹிர் நடத்தும் பப்பில், கணப்புக்குப் பக்கத்து நாற்காலியில், மலாக்கி கான்சிடைன் உட்கார்ந்திருப்பார். அவரிடம் தப்பித்தவறிக்கூடப் பாட்டு பற்றிப் பேசிவிடாதீர்கள். பேசாமலும் இருந்துவிடாதீர்கள்.

மலாக்கியின் சொத்து ஒரே ஒரு பாட்டு. 'லாஃப்லினின் கழுதை' என்று பெயர். லாஃப்லின் என்பவன் கழுதையை விற்கச் சந்தைக்குப் புறப்படுகிறான். வழியில் எதிர்ப்படுகிற எந்தச் சாராயக்கடையையும் அவன் அவமதிப்பதில்லை. குடித்ததற்கு ஈடாகத் தொப்பி, கோட்டு, பூட்ஸ் என்று ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுக்கிறான். கடைசியில் கழுதை மட்டும் தனியாக வீடு திரும்பி, அவன் பெண்டாட்டியிடம் எல்லாவற்றையும் போட்டுக்கொடுக்கிறது. அவ்வளவுதான் விஷயம். குடியின் தீமையை விளக்கும் பாட்டு என்கிறார் எங்கள் பாதிரியார். அதைப் பாடி முடித்தால்தான் ஜனங்களுக்கு நல்ல தாகம் எடுக்கிறது என்கிறாள் அட்ராக்டா. ஊருக்கு வந்துகொண்டிருந்த ரயில் நின்றது, மீன் ஆலை மூடியது, பப்புக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் டாக்டருக்குப் பயந்து போதையில்லாத பீரைக் குடித்துவிட்டுப் போதையேறின மாதிரி ஆடுகிறார்கள்; பாட்டு மட்டும் அசையவில்லை. "கழுதை வந்தது, ஆள் எங்கே?" என்று பல்லவி வரும்போது ஊரே மேஜையைக் குத்துகிறது. ஏன் இத்தனை காலம் நிலைத்திருக்கிறது? லாஃப்லின் என்பது பக்கத்து வீட்டுக்காரன்தான் என்று ஒவ்வொருவனும் நம்பிப் பாடுகிறான். வேறென்ன காரணம் வேண்டும்?

எங்கள் பக்கத்தில் பாட்டு, கட்டினவனுக்குச் சொந்தமில்லை, பாடுகிறவனுக்குச் சொந்தம். பட்டா, சிட்டா ஒன்றும் கிடையாது. ஆனால் மலாக்கி அறையில் இருக்கும்போது கழுதையை இன்னொருவன் தொட்டுவிட முடியாது. அவர் கக்கூசுக்குப் போயிருந்தாலும் வரும்வரை காத்திருக்க வேண்டும். வந்தபின் கெஞ்ச வேண்டும். கெஞ்சலுக்கும் முறை இருக்கிறது. முதலில் அவருக்குத் தொண்டை கெட்டுப்போகும். "சுத்தமா கட்டிக்கிச்சுப்பா, பேசவே முடியல." விடாமல் கேட்டால் ஞாபகம் கெட்டுப்போகும். "நடுவுல ரெண்டு சரணம் மறந்தே போச்சே." அதற்கும் விடாவிட்டால் அடக்கம் வந்துவிடும். "என்னைவிட நல்லாப் பாடுற புள்ளைங்க இருக்கு, அதுங்களைக் கேளுங்க." இதற்குள் யாரோ வாங்கி வைத்த கறுப்பு பீர் முன்னால் நுரைத்துக்கொண்டிருக்கும். அதைக் கவனிக்காத மாதிரி கவனித்துவிட்டு, தொப்பியைக் கழற்றி, கண்ணை மூடி, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு ஆரம்பிப்பார். அப்புறம் ஒன்று சொல்லியாக வேண்டும்: மனுஷன் அருமையாகப் பாடுவார். அதுதான் கொடுமை.

இந்தச் சடங்குக்குப் பூசாரி ஃப்ளான் லில்லிஸ். படகுக்குத் தார் பூசுகிறவர், மலாக்கியோடு ஒரே பெஞ்சில் படித்தவர். எந்தத் 'தொண்டை சரியில்லை' நிஜம், எது சும்மா என்று அவருக்குத்தான் தெரியும். "மலாக்கி, நீ பாடறியா, இல்ல நான் பாடட்டுமா?" என்பார் கடைசியில். ஃப்ளானின் குரலை ஒரு தடவை கேட்டவர்கள் எல்லோரும் மலாக்கியின் காலில் விழுந்துவிடுவார்கள். மலாக்கிக்கு உடனே தொண்டை சரியாகும்.

போன பிப்ரவரியில் ஃப்ளான் செத்துப்போனார்.

அவருக்கு ஒரே மகள், டெர்வ்லா. கைக்குழந்தையாக அம்மாவோடு ஆஸ்திரேலியாவுக்குப் போனவள், பெர்த்தில் பல் டாக்டர். அப்பாவும் மகளும் உறவாடியதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஃபோனில். கடைசி ஃபோனில் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "என்னைப் புதைச்சுட்டு நேரா அட்ராக்டா கடைக்குப் போம்மா. மலாக்கியை அந்தக் கழுதைப் பாட்டைப் பாடச் சொல்லு. ஊரே மேஜையைக் குத்தும் பாரு. அதைக் கேட்டுட்டு நீ ஊருக்குக் கிளம்பு, எனக்கு அது போதும்."

புதைத்துவிட்டு வந்தோம். அட்ராக்டா எல்லோருக்கும் சூப்பும் பன்றிக்கறி சான்ட்விச்சும் கொடுத்தாள். டெர்வ்லா அன்று மத்தியானமே விமான நிலைய பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். பெட்டி கதவோரம் நின்றது. அவள் நேராக மலாக்கியிடம் போனாள்.

"மிஸ்டர் கான்சிடைன், எங்கப்பா ஆசைப்பட்டாரு. அந்தக் கழுதைப் பாட்டை நீங்க பாடணும்."

மலாக்கி எனக்குப் பக்கத்து வீடு. அன்று விடிந்ததிலிருந்து மாட்டுக்கொட்டகையில் அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடிப் பார்த்தவர் அவர். நடுவில் அழுததும் எனக்குக் கேட்டது. உயிர்ச் சிநேகிதனுக்காக அதைப் பாடுவதைத் தவிர அன்றைக்கு அவருக்கு வேறு நினைப்பே கிடையாது.

"தொண்டை சரியில்லம்மா," என்றார்.

"அடடா. சரி, பரவாயில்லைங்க. நீங்க சிரமப்படாதீங்க," என்றாள் டெர்வ்லா. சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டாள்.

மலாக்கியிடம் இன்னும் ஞாபக மறதியும் அடக்கமும் அப்படியே செலவாகாமல் இருந்தன. அவற்றைச் சொல்ல யாராவது கேட்க வேண்டாமா? கொஞ்சம் இருமினார். "இப்ப ஏதோ தேவலை மாதிரி இருக்கு," என்று கணப்பிடம் சொன்னார். டெர்வ்லாவின் காதில் அது விழுந்தது. கைப்பையிலிருந்து தொண்டை மிட்டாய் எடுத்துக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"இதை வாயில அடக்கிக்குங்க. பேசவே பேசாதீங்க." பிறகு எங்கள் பக்கம் திரும்பினாள். "யாரும் இவரைப் பாடச் சொல்லித் தொந்தரவு பண்ணிடாதீங்க. பாவம்."

துக்க நாளில் பாடச் சொல்லிக் கேட்கும் உரிமை செத்தவரின் பிள்ளைக்குத்தான். அவளே வேண்டாம் என்றபின் நாங்கள் யார் வாயைத் திறக்க? அட்ராக்டாதான் தைரியமாக அவள் பக்கத்தில் போய்க் குனிந்தாள்.

"கண்ணு, இன்னொரு தடவை அவரை..."

"என்னங்க?"

மலாக்கி பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளதை உடைத்துச் சொன்னால் மனுஷனின் மானம் போய்விடும்.

"இன்னொரு தடவை சூப் ஊத்தட்டுமான்னு கேட்டேன்," என்றாள் அட்ராக்டா.

டெர்வ்லாவும் விடவில்லை. "வேற யாருக்காவது அந்தப் பாட்டுத் தெரியுமா?" என்று அறையைக் கேட்டாள். சனிக்கிழமை தவறாமல் அதைக் கத்தித் தீர்க்கிற ஐம்பது தொண்டைகள் அங்கே இருந்தன. ஆனால் பாட்டுக்குச் சொந்தக்காரர் எதிரில் உட்கார்ந்திருக்கிறாரே.

"கேள்விப்பட்ட மாதிரி இருக்கு," என்றார் தபால்காரர் செனன் காரிஹி.

"நான் இந்த ஊருக்குப் புதுசும்மா," என்றார் பாதிரியார். அவர் வந்தபோது அவருக்குத் தலை நிறைய முடி இருந்தது.

நான் சூப்பில் எதையோ தேடினேன்.

டெர்வ்லா கோட்டை மாட்டிக்கொண்டாள். "ஊருக்கே தெரிஞ்ச பாட்டுன்னு அப்பா சொன்னாரு," என்றாள் அட்ராக்டாவிடம். "ஃபோன்ல என்னைச் சந்தோஷப்படுத்தணும்னு கொஞ்சம் கூட்டிச் சொல்லிட்டார் போல." அதைச் சொல்லும்போது சிரிக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை. எல்லோருக்கும் கை கொடுத்தாள். மலாக்கியின் கையைக் கொஞ்ச நேரம் கூடுதலாகப் பிடித்துக்கொண்டு, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். அவர் மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினார். பஸ் வந்தது. போய்விட்டாள்.

பஸ் பாலத்தைத் தாண்டியது. பிறகு செனன் மெதுவாக, "மலாக்கி, ஃப்ளானுக்காக அந்தப் பாட்டைப் பாடேன்," என்றார். தொண்டை சரியில்லை என்றார் மலாக்கி. செனன் விடவில்லை. சரணம் மறந்துபோச்சு என்றார். நாங்களும் விடவில்லை. புள்ளைங்களைக் கேளுங்க என்றார். பீர் வந்தது. தொப்பியைக் கழற்றி, சுவர்ப்பக்கம் திரும்பி, ஆரம்பித்தார். அப்படி ஒரு பாட்டை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்கவில்லை. பல்லவிக்கு நாங்கள் குத்தின குத்தில் சூப் கிண்ணங்கள் துள்ளி விழுந்தன. பாடி முடித்த மலாக்கி எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

அந்தப் பெண்ணுக்கு ஒரு ஃபோன் போட்டு அவள் அப்பா பொய் சொல்லவில்லை என்று சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்லலாம்தான். நம்பர் அட்ராக்டாவிடம் இருக்கிறது. ஆனால் அவளாகக் கேட்டால்தானே நன்றாயிருக்கும்?

சிரிக்கிறீர்கள். நீங்கள் பாடுகிறவர் இல்லை, உங்களுக்கு இந்த வியாதி கிடையாது. ரொம்ப சந்தோஷம். ஒரே ஒரு சந்தேகம் மட்டும். "ஃபோனில்தானே சொன்னான், நேரில் வந்து பத்திரிகை வைத்தானா?" என்று நீங்கள் போகாமல் இருந்துவிட்டீர்களே ஒரு கல்யாணம், அன்றைக்கு அந்த மனுஷன் மண்டப வாசலிலேயே நின்று வருகிற காரையெல்லாம் எட்டி எட்டிப் பார்த்தானாம். அவனுக்கு இப்போது உடம்பு முடியவில்லை என்கிறார்கள். போய்ப் பார்த்தீர்களா, இல்லை, அவன் சொல்லியனுப்பட்டும் என்று இருக்கிறீர்களா?