முப்பத்து நான்கு மீனும் ஒரு கையும்

உலகத்தில் ‘இங்க குடு’ என்றொரு இனம் இருக்கிறது. அடுத்தவர் கையில் ஒரு வேலை தட்டுத்தடுமாறுவதைக் கண்டால் இவர்களுக்கு உள்ளங்கை அரிக்கும். நீங்கள் முடிச்சு அவிழ்த்துக்கொண்டிருந்தால் கயிற்றைப் பிடுங்குவார்கள், பூட்டோடு போராடினால் சாவியைப் பிடுங்குவார்கள், தும்மல் வராமல் தவித்தால், வழி மட்டும் இருந்தால், அதையும் வாங்கித் தாங்களே தும்மிக் காட்டுவார்கள். கெட்டவர்களா? ஐயோ, தங்கமானவர்கள். அதுதான் தொல்லை.

மாதிரி வேண்டுமா? இதோ, ஏழாம் வகுப்பின் டிராயிங் சார். கண்காட்சிக்குப் பத்து நாள் இருக்கும்போது டெசலேஷன் சொல்லித்தர ஆரம்பித்தார். பெயர்தான் பயமுறுத்தும். ஒரே வடிவத்தைச் சந்து விழாமல், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், தரைக்கு ஓடு பதிப்பதுபோலத் தாள் முழுக்க அடுக்க வேண்டும், அவ்வளவுதான். சதுர அட்டையின் இடப்பக்கம் ஒரு துண்டு வெட்டு. அதைத் திருப்பாமல் அப்படியே நகர்த்தி வலப்பக்கம் ஒட்டு. வந்த உருவத்தை வைத்து வைத்து வரை.

“உங்க கற்பனைதான் முக்கியம். யானை வரலாம், பூதம் வரலாம். நான் தலையிடவே மாட்டேன்” என்றார். மனதாரத்தான் சொன்னார்.

நாலு நிமிடம் தாங்கியது. முன் பெஞ்சில் ஒருவன் துண்டைத் தலைகீழாக ஒட்டிவிட்டான். சாரின் மைக்கறை படிந்த சட்டைக்கை தானாக நீண்டது. “இங்க குடுடா. ஒரே ஒரு கோடு, காட்டிட்டுக் குடுத்துடறேன்.” அந்த ஒரு கோட்டுக்கு வால் முளைத்தது, செதில் முளைத்தது, மணி அடித்தபோது தாள் நிறைய மீன்கள் நீந்தின. வரைய வேண்டியவன் ஈ பிடித்துக்கொண்டிருந்தான். ஏன் மீன் என்கிறீர்களா? சாருக்கு மீன்தான் வரும்.

கடைசி பெஞ்சில் இடதுகைக்காரி ஒருத்தி. ‘சுவத்துல என் படம் இருக்கும்’ என்று அம்மாவிடம் சொல்லிவைத்திருந்தாள். அவளுடைய இரண்டு தாள்கள் ஏற்கெனவே மீனாகியிருந்தன. மூன்றாவது தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

“சார், இதை மட்டும் நானே...”

“நீயேதாம்மா! நான் ஓரத்தை மட்டும் பார்க்கறேன், இங்க குடு.”

ஓரத்திலிருந்து மீன் புறப்பட்டது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நாலாவது தாளைச் சாப்பாட்டு வேளையில் மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து வரைந்தாள். கண்காட்சியன்று காலையில் யாருக்கும் தெரியாமல் அவளே சுவரில் ஒட்டினாள்.

தலைமையாசிரியை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். மீன், மீன், மீன். முப்பத்து நான்கு மீன் தாள்கள். “எல்லாருக்கும் ஒரே கற்பனையா சார்?”

“ஒற்றுமை, மேடம்.”

மூலையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அங்கே முப்பத்தைந்தாவது தாள். ஒவ்வொரு சதுரத்திலிருந்தும் ஒரு கை நீண்டு, பக்கத்துச் சதுரத்தின் குழிக்குள் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. தாள் முழுக்க, கொடு கொடு என்று கேட்கும் கைகள். எல்லாச் சட்டைக்கையிலும் ஒரு பொட்டு மை.

“யார் கைடி இது?” என்றார் கண்காட்சி பார்க்க வந்திருந்த அம்மா. மகள் பதில் சொல்லத் தேவையே இருக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு சார் வந்தார், கண்ணைச் சுருக்கினார், கடைசி வரிசையில் ஒரு சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் நூலளவு சந்து ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார்.

“அடடா, எவ்வளவு அழகா வந்திருக்கு! இந்த ஒரு இடம் மட்டும்... இங்க குடு...”

கை நீண்டது. மைக்கறையோடு.

அம்மா படத்தைப் பார்த்தார். சாரைப் பார்த்தார். “ஓ, சார் கையா! அப்படியே இருக்கே!”

சாருக்குக் காது சிவந்தது. கையைச் சுருட்டிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். அந்தச் சந்து இன்றுவரை அப்படியே இருக்கிறது. தினமும் இரண்டு தடவை போய்ப் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டு வருகிறாராம், பாவம்.

சிரித்தீர்களா? சிரியுங்கள். ஆனால் படித்துக்கொண்டு வரும்போதே, ‘இந்த இடத்தை இன்னும் நல்லா எழுதியிருக்கலாமே’ என்று ஒரு தடவையாவது தோன்றியதா? அப்படியானால் உங்கள் கை இப்போது எங்கே இருக்கிறது என்று கொஞ்சம் குனிந்து பாருங்கள்.