ராஜமணி அண்ணாச்சி பெட்டி தேடிய பத்து நாள்

மனிதர்களில் பொத்திவைப்பவர்கள் என்று ஓர் இனம் உண்டு. பார்த்திருப்பீர்கள். புதிதாக ஃபிரிட்ஜ் வாங்கினால் கதவில் ஒட்டியிருக்கும் பாலிதீன் தாளை அந்த ஃபிரிட்ஜின் ஆயுள் முடியும்வரை உரிக்க மாட்டார்கள். சோபாவுக்கு ஓர் உறை, உறை அழுக்காகாமலிருக்க மேலே ஒரு துண்டு, துண்டு கசங்காமலிருக்க வருகிற விருந்தாளிக்குத் தனியாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அப்புறம் சோபா எதற்கு என்று கேட்டுப் பாருங்கள். பத்திரமாக இருக்கிறதே, அது போதாதா என்பார்கள்.

கோவில்பட்டியில் சின்னதாகத் தீப்பெட்டி ஆலை நடத்தும் ராஜமணி அண்ணாச்சி இந்த இனத்தில் முதல் வரிசை. நாற்பது வருஷமாக அவருக்கு ஒரே எதிரி, ஈரம். ஐப்பசியில் மேகம் திரண்டால் கரிசல்காட்டில் விதைத்துவிட்டுக் காத்திருக்கும் சம்சாரிகள் அத்தனை பேருக்கும் முகம் மலரும்; அண்ணாச்சி மட்டும் குச்சி நமத்துப் போகுமே என்று வானத்தை முறைப்பார். அந்தப் பழக்கத்தில் எந்தப் பொருளைப் பார்த்தாலும் முதலில் வருவது இதுதான்: "நமத்துப் போயிருமே." மகள் இந்துஜாவின் கல்யாண ஆல்பத்தை மூன்று பாலிதீன் பையில் கட்டிப் பீரோவில் வைத்தவர் அவர். அதில் யார் யார் இருக்கிறார்கள் என்பது இப்போது அவருக்கே மறந்துவிட்டது.

இப்பேர்ப்பட்ட வீட்டுக்கா வி.ஆர். ஹெட்செட் வர வேண்டும்? வந்தது. மருமகனின் சிநேகிதர் பெருமாள்சாமி பத்து நாள் விடுப்பில் சிங்கப்பூரிலிருந்து வந்தபோது ஒரு துணிப்பையில் கொண்டுவந்து கொடுத்தார். கண்ணை மறைக்கிறாற்போல் தலையில் மாட்டிக்கொண்டால் படத்துக்குள்ளேயே போய் நிற்கலாமாம். இந்தப் பக்கம் திரும்பினால் இந்தச் சுவர், அந்தப் பக்கம் திரும்பினால் அந்தச் சுவர். இந்துஜா தன் சிங்கப்பூர் வீட்டையும், எட்டு மாதக் குழந்தை தவழ்ந்து வருவதையும் எடுத்து அதற்குள் வைத்து அனுப்பியிருந்தாள். எல்லாம் அம்மாவுக்காக. முட்டிவலியில் விமானமேறிப் போக முடியாத இசக்கியம்மாள், மகள் வீட்டு அடுப்படியில் ஒரு தரம் நின்றுவிட மாட்டோமா, பேத்தியைப் பக்கத்தில் பார்த்துவிட மாட்டோமா என்று ஏங்கிக் கிடந்தாள்.

இந்துஜா போனில் சொன்னாள்: "அப்பா, இது உங்க மாப்பிள்ளை ஆபீஸ் சாமான். ரெண்டு பேரும் நல்லாப் பாத்துட்டு, பெருமாள்சாமி அண்ணன் திரும்பும்போது கொடுத்துவிடுங்க. துணிப்பை வேண்டாம். நல்ல பொட்டியா ஒண்ணு வாங்கி வச்சு அனுப்புங்க."

'பாத்துட்டு' என்பது அண்ணாச்சியின் காதில் விழவேயில்லை. 'பொட்டி' விழுந்துவிட்டது.

"மாட்டிப் பாத்துருவமா?" என்று இசக்கியம்மாள் ஆசையாகக் கையை நீட்டினாள்.

"ஏட்டி, கைய எடு. வேர்த்த மூஞ்சியில மாட்டுனா நமத்துப் போயிரும். முதல்ல பொட்டி. அப்புறம் பாத்துக்கிடலாம்."

ஹெட்செட் பீரோவுக்குள் போனது. அண்ணாச்சி சுடலைமணியின் பேக் கடைக்குப் போனார்.

"இதுக்குன்னே கேஸ் இருக்கு அண்ணாச்சி. வெளிய கெட்டி, உள்ள மெத்து மெத்துன்னு ஸ்பாஞ்சு."

"ஈரம் இறங்குமா?"

"இறங்காது."

"எப்படிச் சொல்லுதீரு?"

இருபது வருஷ வியாபாரத்தில் சுடலைமணியை யாரும் இப்படிக் கேட்டதில்லை. "அட்டையில போட்டிருக்கு அண்ணாச்சி."

அட்டையை நம்புவதற்கு அண்ணாச்சி என்ன சாதாரண ஆளா? தினந்தினம் தீப்பெட்டிக்கு அட்டை ஒட்டுகிறவர். கேஸை வீட்டுக்கு எடுத்துவந்து, உள்ளே ஒரு தீப்பெட்டியை வைத்து மூடி, நனைத்த சாக்கின்மேல் மறுநாள் காலைவரை வைத்தார். காலையில் குச்சியை உரசினார். சர்ரென்று பற்றியது. ஈரத்தில் பாஸ். ஆனால் வழியில் குலுங்குமே? அதற்கும் வழி வைத்திருந்தார். கேஸுக்குள் பத்து அப்பளத்தை அடுக்கி, இடைசெவல் போகிற டவுன் பஸ்ஸில், அதுவும் நன்றாகத் தூக்கிப் போடுகிற கடைசி சீட்டில், மடியில் வைத்துக்கொள்ளாமல் பக்கத்தில் வைத்து, போய்த் திரும்பி வந்தார். நாலு அப்பளம் நொறுங்கியிருந்தது. ஃபெயில்.

அடுத்தது கேமரா கேஸ். அப்பளம் பிழைத்தது, குச்சி நமத்தது. அதற்கடுத்து, கல்யாணப்பெண் அலங்காரச் சாமான் வைக்கிற பெட்டி. இரண்டிலும் பாஸ், ஆனால் மூடியில் கண்ணாடி இருந்தது, அது உடைந்து ஹெட்செட்டைக் கீறினால்? பிறகு சோறு சூடாக வைக்கிற ஹாட்பாக்ஸ். அதில் குறையே இல்லை, ஹெட்செட்தான் உள்ளே நுழையாது. ஐந்தாம் நாள் கண்டக்டர் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"அண்ணாச்சி, தினமும் போய் இறங்காமத் திரும்புதீங்களே. இடைசெவல்ல யாரைப் பாக்கணும்?"

"நான் யாரையும் பாக்க வரல. அப்பளம் போயிட்டு வருது, கூட வாரேன்."

இந்துஜா அன்றாடம் போன் போட்டாள். "பாத்தாச்சாப்பா?" அண்ணாச்சி பொய் சொல்லத் தெரியாத மனிதர். "பொட்டி பாத்துக்கிட்டே இருக்கேம்மா."

பத்தாம் நாள்தான் அது அமைந்தது. சுடலைமணி உயிருக்குப் பயந்து மதுரையிலிருந்து வரவழைத்த கறுப்புப் பெட்டி. விளிம்பெல்லாம் ரப்பர், பூட்ட இரண்டு கொக்கி. பத்துக் குச்சிக்குப் பத்தும் பற்றின. பத்து அப்பளத்தில் ஒன்றுக்குக்கூடப் பொட்டுக் கீறல் இல்லை. அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்கு ஓடிவந்து, ஹெட்செட்டை உள்ளே படுக்கவைத்து, கொக்கியைப் பூட்டி, விளிம்பைச் சுற்றி மூன்று சுற்று டேப் ஒட்டி, சுருக்கம் விழாமல் நீவிவிட்டு நிமிர்ந்தார். எதிரில் இசக்கியம்மாள் நின்றிருந்தாள். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பெருமாள்சாமிக்கு அன்று சாயங்காலம் ரயில்.

"அடடா, நீ பாக்கவே இல்லியேட்டி" என்றார்.

"நான் பாக்காமலா? நீங்க அப்பளத்தக் கூட்டிக்கிட்டு பஸ் ஏறுனதும் பீரோவத் தொறந்துருவேன். பக்கத்து வீட்டுக் கிருஷ்ணவேணி மாட்டிவிடுவா. தெருவே பாத்தாச்சு. பால்காரரு ரெண்டு தடவ பாத்துட்டாரு. நீங்க ஒரு ஆளுதான் பாக்கி. பிள்ள தவழ்ந்து வந்து முகத்துக்கு நேரா சிரிக்குது. அப்படியே உங்க மூக்கு."

தன் மூக்கா? அண்ணாச்சி மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டார். ஒரு நிமிஷம் பார்த்தால் போதும் என்றிருந்தது.

"பிரிச்சுப் பாருங்க. பெருமாள்சாமி ஆட்டோவுல வர இன்னும் கால் மணி நேரம் கெடக்கு."

அவர் நகத்தால் டேப்பின் முனையைத் தேடினார். கண்டுபிடித்தார். ஒரு விரற்கடை தூக்கினார். பர்ரென்று சத்தம் கேட்டது. கை நின்றுவிட்டது. எவ்வளவு அழகாக ஒட்டியிருந்த டேப்.

"பிரிச்சா மறுபடி இந்த ஒட்டு ஒட்டாதே" என்று முணுமுணுத்தபடி முனையைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினார்.

ஆட்டோ வந்தது. பெருமாள்சாமி பெட்டியை வாங்கிக்கொண்டு போனார். தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்ற அண்ணாச்சி, மெதுவாகக் கேட்டார்: "பிள்ள நல்லா இருக்காளா?"

"நல்லா இருக்கா. ரொம்பப் பத்திரமா இருக்கா" என்றாள் இசக்கியம்மாள்.

இப்படியும் ஒரு மனிதரா என்று நீங்கள் சிரிப்பது கேட்கிறது. சிரியுங்கள். உங்கள் வீட்டுப் பரண்மேல், கல்யாணத்துக்கு வந்த பீங்கான் டின்னர் செட் அட்டைப்பெட்டி பிரிக்காமல் இருக்கிறதே, அது எந்த விருந்தாளிக்காக? போன மாதம் நான் வந்தபோது எவர்சில்வர் தட்டில்தானே சாப்பாடு போட்டீர்கள்?